டெத் ஸ்டார் வரைபடத்தைத் திருடியது யார்? எங்கள் வீட்டில் ஒரு சண்டை

இரட்டைச்சூரியன் (பதிவு 1)

வணக்கம் நண்பர்களே. தலைப்பு பெரிதாக இருக்கிறது, விஷயம் சின்னதுதான்.

போன ஞாயிறு அக்கா பையனோடு உட்கார்ந்து ரோக் ஒன் என்ற ஸ்டார் வார்ஸ் படம் பார்த்தேன். எம்பயர் என்ற கொடுங்கோல் பேரரசு கட்டும், கிரகத்தையே அழிக்கும் டெத் ஸ்டார் என்ற ஆயுதத்தின் வரைபடத்தைப் புரட்சிக்காரர்கள் திருடும் கதை. அவனுக்குப் பதினான்கு வயது, முதல் தடவை பார்க்கிறான். ஸ்காரிஃப் கடற்கரையில், அதைத் திருடிய ஜின்னும் காசியனும் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, எதிரே வெளிச்சம் சுவர் மாதிரி எழும்பி வரும் இடத்தில் பயல் மூச்சே விடவில்லை. அப்புறம் அந்த இருட்டு நடையில் வில்லன் வேடரின் லைட்சேபர் என்ற ஒளிவாள் சிவப்பாக எரிந்ததும் சோபாவில் ஏறி நின்றுவிட்டான்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "இந்த வரைபடத்தை இவர்களுக்கு முன்னாடியே நான் திருடியிருக்கிறேன், தெரியுமா?" என்றேன்.

தெரிந்தவர்களுக்குத் தெரியும், டார்க் ஃபோர்சஸைத்தான் சொல்கிறேன். 1995இல் வந்த ஸ்டார் வார்ஸ் கம்ப்யூட்டர் ஆட்டம். என் கைக்கு வந்தது 1998இல், ஹாஸ்டலில். அறையில் நான்கு பேர், கம்ப்யூட்டர் ஒன்று. கைல் கட்டார்ன் என்று ஒரு தாடிக்காரன், எம்பயரை விட்டு ஓடிவந்து கூலிக்கு வேலை செய்பவன், டனூட்டா என்ற இடத்து ரகசியத் தளத்துக்குள் தனியாக நுழைந்து வரைபடத்தை எடுத்துவருவான். முதல் மிஷனே அதுதான். எம்பயர் சிப்பாயான ஸ்டார்ம்ட்ரூப்பரின் முகத்தை எண்ணினால் பத்துப் பன்னிரண்டு புள்ளி தேறும், அவ்வளவுதான் படம். ஆனாலும் ஒவ்வொரு கதவு திறக்கும்போதும் நான்கு பேரும் பின்னால் சாய்வோம். கீபோர்டு யார் கையிலோ அவன்தான் அன்றைக்குத் திருடன். அந்த ராத்திரி என் முறை.

இதையெல்லாம் கதையாகச் சொல்லி முடித்தேன். பயல் போனைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "மாமா, அது லெஜண்ட்ஸ். கணக்குல வராது."

ஐந்து நாளாகக் குடைகிறது. வராதா?

எபிசோட்நான்கு (பதிவு 2)

வராது. பையன் சரியாகத்தான் சொல்லியிருக்கிறான்.

ஸ்டார் வார்ஸ் எடுத்த லூகாஸ்ஃபிலிமை டிஸ்னி வாங்கியது 2012 அக்டோபரில், 405 கோடி டாலருக்கு. அதுவரை வந்த நாவல், காமிக்ஸ், ஆட்டம் எல்லாவற்றையும் 2014 ஏப்ரலில் ஒரே மூட்டையாகக் கட்டி லெஜண்ட்ஸ் என்று பெயர் எழுதி, இனி அதிகாரபூர்வக் கதை இல்லை என்று பரணில் போட்டார்கள். படங்களும் க்ளோன் வார்ஸ் தொடரும்தான் தப்பின. இது அபிப்பிராயம் இல்லை, அறிவிப்பு.

அதை விடுங்கள், முதல் படத்தின் தொடக்கத்தில் மேலே ஏறிப்போகும் அந்த மஞ்சள் எழுத்தையே படியுங்கள். புரட்சிக்காரர்கள் ஒரு சண்டையில் முதல் வெற்றி பெற்றார்கள், அந்தச் சண்டை நடக்கும்போது உளவாளிகள் வரைபடத்தைத் திருடினார்கள். உளவாளிகள், பன்மை. சண்டையின் நடுவே. உங்கள் தாடிக்காரர் தனியாள், வெளியே சண்டையும் கிடையாது. ரோக் ஒன் அந்த வரிக்கு அப்படியே பொருந்துகிறது.

நான் ஆட்டங்கள் பக்கம் போவதில்லை. அதனால் பழைய பாசம் எதுவும் என் கண்ணை மறைக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தூங்காநகரம் (பதிவு 3)

போத்தன்கள் என்ற வேற்றுக்கிரக இனத்தார்தானே திருடினார்கள்? நிறையப் பேர் செத்துப்போனதாக ஒரு அம்மா சோகமாகச் சொல்வார்களே.

எபிசோட்நான்கு (பதிவு 4)

அது இரண்டாவது டெத் ஸ்டார். 1983 படம். அந்த அம்மா புரட்சிக்காரர்களின் தலைவி மான் மோத்மா. திரி தொடங்கி மூன்றாவது பதிவிலேயே இது வந்துவிட்டது, வழக்கமாகப் பத்து தாண்டும்.

ஜாய்ஸ்டிக்மாமா (பதிவு 5)

எபிசோட்நான்கு, உங்கள் பெயரிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. 1977 மே மாதம் அந்தப் படம் வெளிவந்தபோது அதில் 'எபிசோட் நான்கு' என்ற வரியே கிடையாது. 1981 மறுவெளியீட்டில்தான் சேர்த்தார்கள். முதல் நாள் டிக்கெட் வாங்கிப் பார்த்தவன் கணக்கில் நீங்களே லெஜண்ட்ஸ்தான்.

கோபம் வேண்டாம். நான் சொல்ல வந்தது, இந்தக் கதைக்குக் கணக்குப்பிள்ளை அடிக்கடி மாறுவார். டார்க் ஃபோர்சஸ் வந்தபோதே ஆளுக்கு ஒரு திருட்டுக் கதை இருந்ததால், வரைபடம் ஒரே கட்டாக இல்லை, துண்டு துண்டாகப் பல இடத்தில் இருந்தது, ஒவ்வொருவரும் ஒரு துண்டை எடுத்தார்கள் என்று ஒட்டுப்போட்டார்கள். ஆபரேஷன் ஸ்கைஹுக் என்று அதற்குப் பெயர் வேறு. கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் உளவாளிகள் என்ற பன்மைக்கு இதுவும் பொருந்துகிறதா இல்லையா?

ஆட்டத்திலிருந்து படத்துக்கு எதுவும் போனதில்லை என்று நினைக்காதீர்கள். 1996இல் ஷேடோஸ் ஆஃப் தி எம்பயர் என்று ஒன்று செய்தார்கள். நாவல், காமிக்ஸ், நின்டெண்டோ 64 ஆட்டம், பாட்டுத் தட்டு கூட உண்டு. படம் மட்டும் கிடையாது! படமே இல்லாத பட வியாபாரம். அதில் டேஷ் ரெண்டர் என்று, முதல் படத்துக் கடத்தல்காரன் ஹான் சோலோவின் ஒன்றுவிட்ட தம்பி மாதிரி ஒருவன், அவன் கப்பலுக்கு அவுட்ரைடர் என்று பெயர். மறுவருஷம், 1997இல், ஸ்டார் வார்ஸைப் படைத்த லூகாஸ் பழைய படங்களைத் தூசி தட்டிப் புதுக் காட்சிகள் சேர்த்து வெளியிட்டார் அல்லவா? நாயகன் லூக்கும் அவன் குரு ஒபி-வானும் மாஸ் ஐஸ்லி என்ற ஊருக்குள் நுழையும் இடத்தில் வானத்தைப் பாருங்கள். ஒரு கப்பல் ஏறிப் போகும். அது அவுட்ரைடர். தூங்காநகரம், உங்கள் போத்தன் விவகாரமும் இந்தக் கதையில்தான் விரிவாக வரும். ஆகவே நீங்கள் முழுத் தப்பு இல்லை.

தூங்காநகரம் (பதிவு 6)

அப்பாடா.

எபிசோட்நான்கு (பதிவு 7)

பெயர் விஷயத்தில் என்னை மடக்கிவிட்டீர்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் படைத்தவர் தன் கதையைத் திருத்துவது ஒன்று, உரிமம் வாங்கியவர் எழுதிச் சேர்ப்பது இன்னொன்று. (திருத்தியதும் சில இடத்தில் வினைதான். கேன்டீனா மதுக்கடையில் ஹான் சோலோ முதலில் சுட்டானா இல்லையா என்ற சண்டையை இங்கே தொடங்க வேண்டாம்.)

எனக்கு ஆட்டங்கள் மேல் இருக்கும் குறை கேனன், அதாவது எது அதிகாரபூர்வக் கதை என்பதைப் பற்றியதே இல்லை. ஆட்டத்தின் இயல்பே கதையைக் கெடுக்கிறது. விளையாடுபவன் காசு கொடுத்திருக்கிறான், அவனைப் பெரிய ஆளாக்கியே தீர வேண்டும். 2008இல் வந்த ஃபோர்ஸ் அன்லீஷ்டை எடுங்கள். ஸ்டார்கில்லர் என்ற பையன், வேடரின் ரகசியச் சீடன். வானத்தில் நிற்கும் ஸ்டார் டெஸ்ட்ராயர் என்ற எம்பயர் போர்க்கப்பலைக் கையை நீட்டிக் கீழே இழுத்துப் போடுகிறான். அந்தப் பயல்தான் புரட்சிக் கூட்டணிக்கே வித்திட்டவன் என்றும் கதை போகிறது.

இப்போது 1980 படத்துக்கு வாருங்கள். டாகோபா சதுப்பு. மூழ்கிக் கிடக்கும் ஒரே ஒரு எக்ஸ்-விங், சின்னச் சண்டைக் கப்பல். ஃபோர்ஸ் என்ற அந்த மாயசக்தியால் அதைத் தூக்க லூக்கால் முடியவில்லை. அவன் குருவான அந்தக் குட்டைக் கிழவர் யோடா கண்ணை மூடுகிறார், கப்பல் பாசி சொட்டச் சொட்ட மேலே வருகிறது, லூக்கால் நம்ப முடியவில்லை. நம்பாததால்தான் தோற்றாய் என்கிறார் யோடா. படத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. ஒரு சீடன் மைல் நீளக் கப்பலையே இழுத்துப் போடலாம் என்றால் யோடா செய்தது என்ன, கிணற்றில் விழுந்த வாளியை எடுத்ததா?

ஜாய்ஸ்டிக்மாமா (பதிவு 8)

அந்தக் கப்பலை இழுக்கும் இடத்தை ஆடியவர்கள் யாரும் தன்னைப் பெரிய ஆள் என்று நினைத்திருக்க மாட்டார்கள். இரண்டு கட்டைவிரலும் வலிக்க, திரையில் காட்டும் திசைக்குத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் சரியாக வரும்போது டை ஃபைட்டர்கள், எம்பயரின் சண்டை விமானங்கள், வந்து சுடும். அவற்றை விரட்டிவிட்டுத் திரும்பினால் கப்பல் பழைய கோணத்துக்குப் போயிருக்கும். அரை மணி நேரம் தள்ளியிருப்பேன். லாரிக்கு ஸ்டெப்னி மாற்றுவது மாதிரி இருந்தது.

ஆனால் உங்கள் வாதம் அந்த ஆட்டத்துக்குச் சரி. எல்லா ஆட்டத்துக்கும் சரியில்லை. 1994இல் வந்த டை ஃபைட்டர் என்ற ஆட்டத்தைச் சொல்கிறேன், கேளுங்கள்.

அதில் நீங்கள் எம்பயரின் சாதாரண விமானி. கப்பலுக்குக் கவசமும் இல்லை, ஒளியைவிட வேகமாகப் பாயும் ஹைப்பர்டிரைவும் இல்லை. இரண்டு மூன்று அடி பட்டால் போச்சு. முதல் வேலை என்ன தெரியுமா? போய்வரும் சரக்குக் கப்பல்களை ஒவ்வொன்றாகக் கிட்டப் போய்ச் சோதிப்பது. செக்போஸ்ட் வேலை! அப்புறம் செபான் என்ற இடத்தில் இரண்டு கூட்டம் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், நடுவில் போய் 'அமைதி' ஏற்படுத்த வேண்டும். பத்து மிஷன் தாண்டும்போது, இந்தப் புரட்சிக்காரர்கள் ஏன் ஊரைக் கெடுக்கிறார்கள் என்று எனக்கே எரிச்சல் வந்தது. அந்த எரிச்சல் வந்த நிமிஷம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. படம் எத்தனை தடவை பார்த்தாலும் இது வராது. படத்தில் எம்பயர்காரன் எப்போதும் எதிர்ப்பக்கம்.

இன்னொன்று. மிஷனுக்கு முன் அதிகாரி விளக்கம் சொல்வார். பக்கத்தில் முக்காடு போட்ட ஒருவன் சும்மா நிற்பான். அவனிடம் போய்ப் பேசினால் பேரரசரின் பெயரால் ரகசிய வேலை ஒன்று தருவான். செய்துமுடித்தால் பதவி ஏறும், உங்கள் கையில் பச்சை குத்துவார்கள். ஏற ஏறப் பச்சையும் வளரும். ஒருநாள் கையைப் பார்த்தேன், பாதிக்கு மேல் ஏறியிருந்தது. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. நானாகத்தான் ஒவ்வொரு தடவையும் முக்காட்டுக்காரனிடம் போனேன்.

பெரிய ஆளாக்கிய ஆட்டமா இது?

கிரேயாவின்மாணவி (பதிவு 9)

மாமா சொன்னதற்குப் பக்கத்தில் இன்னொன்றை வைக்கிறேன். கோட்டார் 2.

தூங்காநகரம் (பதிவு 10)

நாகர்கோவில் பக்கம் இருக்கிறதே, அந்தக் கோட்டாரா?

கிரேயாவின்மாணவி (பதிவு 11)

நைட்ஸ் ஆஃப் தி ஓல்ட் ரிபப்ளிக், இரண்டாம் பாகம். பெயரைச் சுருக்கினால் அப்படி வருகிறது, நான் என்ன செய்ய? நானும் தென்மாவட்டம்தான், முதலில் கேட்டபோது எனக்கும் மிளகாய் மண்டிதான் ஞாபகம் வந்தது.

படங்களுக்குச் சுமார் நாலாயிரம் வருஷத்துக்கு முந்தைய கதை. லூக்கின் ஸ்கைவாக்கர் குடும்பத்தின் வாடையே கிடையாது. முதல் பாகம் பயோவேர் செய்தது, 2003. இரண்டாம் பாகம் அப்சிடியன், 2004 டிசம்பர். முதல் பாகம் ஒரு நல்ல ஸ்டார் வார்ஸ் படம் மாதிரி. இரண்டாம் பாகம் ஸ்டார் வார்ஸிடமே கேள்வி கேட்கிறது.

நர் ஷட்டா என்ற நகரத்தில் அகதிகள் இருக்கும் பகுதி. ஒரு பிச்சைக்காரர் ஐந்து கிரெடிட், அந்த உலகத்துக் காசு, கேட்பார். ஐந்துதான். நான் நல்லவள் வழியில் போகிறவள், யோசிக்காமல் கொடுத்தேன். கூடவே வரும் கிழவி கிரேயா திட்டத் தொடங்கினாள், எனக்கோ காட்சி ஒன்று காட்டப்பட்டது. அந்த மனிதர் மூலை திரும்பியதும், கையில் காசு இருப்பதைப் பார்த்த இன்னொருவன் அவரை அடித்துப் பிடுங்குகிறான். நான் கொடுத்ததால் வந்த அடி. சரி என்று பழைய சேமிப்பைத் திறந்து, இந்தத் தடவை விரட்டிவிட்டேன். அவர் போய்த் தன்னைவிட நலிந்த இன்னொருவரை அடிக்கிறார். அதற்கும் கிரேயா திட்டினாள்!

மூன்று தடவை திறந்து மூடினேன். சரியான பதிலே கிடையாது. ஃபோர்ஸ் என்பது எல்லோரையும் பிணைக்கிறது என்று படத்தில் சொல்வதைக் கேட்டு எத்தனை வருஷம் தலையாட்டியிருப்பேன். ஐந்து கிரெடிட்டில்தான் எனக்கு அது உறைத்தது. எபிசோட்நான்கு, இது யோடாவின் கப்பலுக்குக் குறைந்ததா, சொல்லுங்கள்.

குறையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஆட்டம் பாதி வெந்த சோறு. அவசரமாக வெளியிட்டதால் கடைசி மூன்று மணி நேரத்தில் பாத்திரங்கள் என்ன ஆனார்கள் என்றே தெரியாது. வெட்டிப்போட்ட காட்சிகளும் குரல்களும் கோப்புகளுக்குள்ளேயே கிடந்தன. ரசிகர்கள்தான் பல வருஷம் உட்கார்ந்து அவற்றைத் தோண்டி எடுத்துத் தைத்தார்கள். இன்று புதிதாக ஆடுகிறவர்கள் ரசிகர்களின் அந்தத் திருத்தத்தை, 'மாட்' என்பார்கள், போட்டுத்தான் ஆட வேண்டும்.

தூங்காநகரம் (பதிவு 12)

முதல் பாகத்தில் ரெவன் என்ற பாத்திரம் யார் என்ற திருப்பம் பற்றி நிறையச் சொல்கிறார்கள். அதாவது ரெவன்தான் [மட்டுறுத்துநரால் நீக்கப்பட்டது]

மட்டுறுத்துநர் (பதிவு 13)

இருபது வருஷம் தாண்டினாலும் அந்த ஒரு வரியை இங்கே எழுத வேண்டாம். லூக்கின் அப்பா யார் என்பதை ஊரே சொல்லிக் கெடுத்தது போதும். இரட்டைச்சூரியனின் மருமகன் இந்தத் திரியைப் படிக்கக்கூடும்.

பனிக்கோள் (பதிவு 14)

டொராண்டோவில் இருந்து எழுதுகிறேன். இங்கே பாதி வருஷம் படத்தில் வரும் ஹோத் என்ற பனிக்கோளில் இருப்பது போலத்தான், பெயருக்குக் காரணம் அதுதான்.

எல்லோரும் பழைய ஆட்டங்களையே பேசுகிறீர்கள். 2019 டிசம்பரில் வீட்டில் நடந்ததைச் சொல்லுறன். ரைஸ் ஆஃப் ஸ்கைவாக்கர் பார்க்கப் போனோம். தொடக்க எழுத்திலேயே செத்துப்போன பேரரசரின் குரல் அண்டம் முழுக்கக் கேட்டதாக வருகிறது. நான் திடுக்கிட்டேன், எப்போது கேட்டது, முந்தின படத்தில் இல்லையே? பக்கத்தில் இருந்த மகள் என் காதில் சொல்கிறாள்: "அம்மா, அது ஃபோர்ட்நைட்டில வந்தது."

உண்மைதான். படம் வர ஆறு நாள் முன், டிசம்பர் 14, ஃபோர்ட்நைட் என்ற ஆன்லைன் ஆட்டத்துக்குள் ஒரு நிகழ்ச்சி வைத்தார்கள். இயக்குநர் ஏப்ரம்ஸ் பொம்மை வடிவில் வந்தார். அங்கேதான் பேரரசர் பால்படீனின் அந்த மிரட்டல் ஒலித்தது. வாழைப்பழ வேஷம் போட்ட ஆட்களும் நின்று கேட்டிருப்பார்கள். 42 வருஷக் கதையின் கடைசிப் படத்துக்கு முதல் காட்சி அதுதான். படத்துக்குள் அது இல்லை.

இப்போது சொல்லுங்கள் எபிசோட்நான்கு, அது கணக்கில் வருமா?

எபிசோட்நான்கு (பதிவு 15)

வரும் என்றுதான் வைக்க வேண்டியிருக்கிறது, அதுதான் எரிச்சல். ஆனால் நீங்கள் எனக்காகத்தான் வாதாடியிருக்கிறீர்கள் அக்கா. டிக்கெட் வாங்கியவனுக்குப் படத்திலேயே சொல்ல வேண்டியதை வேறு கடையில் போய் வாங்கிக்கொள் என்பது அநியாயம்.

கிரேயாவின்மாணவி (பதிவு 16)

அநியாயம்தான். ஆனால் என் பிச்சைக்காரர் யாருக்கும் பாக்கி வைத்த காட்சி இல்லை. அவர் இல்லாமலும் படங்கள் முழுசு, படங்கள் இல்லாமலும் அவர் முழுசு. டார்க் ஃபோர்சஸும் அப்படித்தான். 1977 படம் ஒரு வரியில் விட்டுவிட்டுப் போன இடத்தை எடுத்துக்கொண்டு தன் பாட்டில் ஓடியது. ஃபோர்ட்நைட் விவகாரம் படம் தானே கட்ட வேண்டிய சுவரை அடுத்தவன் தலையில் கட்டியது. இரண்டையும் ஒரே தராசில் போடாதீர்கள்.

ஜாய்ஸ்டிக்மாமா (பதிவு 17)

கைதட்டல்.

பரணில் போட்டார்கள் என்றீர்களே, அவர்களே அடிக்கடி ஏணி வைத்து ஏறி எடுக்கிறார்களே? டார்க் ஃபோர்சஸில் கைல் துரத்தும் டார்க் ட்ரூப்பர்கள் 2020இல் மாண்டலோரியன் தொடரின் இரண்டாம் சீசனில் வந்து நின்றார்கள். 1991 நாவலில் பிறந்த எம்பயர் தளபதி த்ரான், டை ஃபைட்டரில் எனக்கு மேலதிகாரி, அசோகா தொடரில் நேரிலேயே வந்துவிட்டார். திருடனை மட்டும் விட்டுவிட்டு அவன் திருடியது, துரத்தியது எல்லாம் எடுத்துக்கொண்டார்கள். பாவம் கைல்.

தூங்காநகரம் (பதிவு 18)

2017இல் வந்த பேட்டில்ஃப்ரண்ட் 2 ஆட்டம் பற்றி யாரும் திட்டவில்லையே? வேடராக ஆடும் வாய்ப்பைத் திறக்க 60,000 கிரெடிட், மணிக்கணக்கில் ஆட வேண்டும். ஊரே கொதித்ததும் 15,000 ஆக்கினார்கள், வெளியீட்டுக்கு முந்தின நாள் நிஜக் காசு வாங்கும் கடையையே மூடினார்கள். பிச்சைக்காரர் ஐந்துதான் கேட்டார்.

பனிக்கோள் (பதிவு 19)

தூங்காநகரம் இந்தத் திரியில் எழுதிய முதல் உருப்படியான பதிவு.

இரட்டைச்சூரியன் (பதிவு 20)

தாமதத்துக்கு மன்னிக்கவும், எல்லாவற்றையும் படித்தேன். பையனிடமும் காட்டினேன், மட்டுறுத்துநருக்கு நன்றி சொன்னான்.

ஒரு காரியம் செய்தேன். டார்க் ஃபோர்சஸை 2024இல் நைட்டைவ் நிறுவனம் புதுக் கணினிகளுக்கு ஏற்பத் துடைத்து வெளியிட்டிருக்கிறது. தள்ளுபடியில் கிடைத்தது, வாங்கி அவன் லேப்டாப்பில் போட்டேன். "கிராபிக்ஸ் இவ்வளவுதானா?" என்று உதட்டைப் பிதுக்கினான். நான் ஒன்றும் பேசாமல் காபி போடப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது பின்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கதவு திறக்கும் இடம்.

முக்கால் மணி நேரம் கழித்து, "மாமா, எடுத்துட்டேன்" என்றான். லெஜண்ட்ஸ் என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அடித்திருப்பான்.

இப்போது பிரச்சினை வேறு. நேற்று ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு அவனிடமிருந்து மெசேஜ். மூன்றாவது மிஷன், அனோட் சாக்கடையில் மாட்டிக்கொண்டான். எந்தப் பக்கம் போனாலும் ஒரே மாதிரி இருக்கிறதாம். 1998இல் நாங்கள் நான்கு பேரும் இரண்டு நாள் அங்கேதான் கிடந்தோம், எப்படி வெளியே வந்தோம் என்பது சுத்தமாக மறந்துவிட்டது. தெரிந்தவர்கள் யாராவது?

எபிசோட்நான்கு (பதிவு 21)

தண்ணீரில் இறங்கி நடந்தால் அடியிலிருந்து டயனோகா என்ற ஜந்து பிடிக்கும், முடிந்தவரை கரை ஓரமாகவே போகச் சொல்லுங்கள். தலைவிளக்கை எப்போதும் எரியவிட வேண்டாம், பேட்டரி தீர்ந்தால் முகமூடியும் வேலை செய்யாது. ஸ்விட்ச் எதையாவது அமுக்கிவிட்டு ஒன்றும் நடக்கவில்லை என்று விட்டுவிடக் கூடாது, வேறு எங்கோ திறந்திருக்கும், வந்த வழியே திரும்பிப் பார்க்க வேண்டும்.

தூங்காநகரம் (பதிவு 22)

ஆட்டங்கள் பக்கமே போவதில்லை என்றீர்களே?

எபிசோட்நான்கு (பதிவு 23)

தம்பி ஆடுவான். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.